எடுத்தவனுக்குத் தெரியும்

"அண்ணை, நான் துலைஞ்சன்."

படகின் பின்பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த சிற்றம்பலம் நிமிர்ந்து பார்த்தார். வாசுதேவன் நின்றிருந்தான். கையில் சுறாவின் இரத்தம் இன்னும் காயவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"இரும். ஆறுதலாச் சொல்லும்."

"எப்பிடி அண்ணை ஆறுதலாச் சொல்லுறது? கப்டன்ர அறையிலையிருந்து என்னவோ களவு போட்டுதாம். துறைமுக மிதவைக்குக் கிட்டப் போறதுக்குள்ளை அது கைக்கு வரேல்லையெண்டால் பொலிசைக் கூப்பிடுவாராம். அவங்கள் வந்து முதல் கேக்கிறது என்னத்தை? பேப்பரைத்தானே!"

"என்ன பொருளாம் களவு போனது?"

"அதைத்தான் மனுசன் சொல்லுறாரில்லை. எடுத்தவனுக்குத் தெரியுமாம்."

சிற்றம்பலம் ஒரு சுளையை வாயில் போட்டார். "உது நல்ல கதை" என்றார்.

சுற்றிவர வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். கரை எந்தப் பக்கம் என்பது கப்டனின் ரேடாருக்குத்தான் தெரியும். எஞ்சின் இருமிக்கொண்டு ஊர்ந்தது. ஜெர்மனியின் வடகரையில் இருக்கிற பியூசும் துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

படகில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். அதிகமில்லை, ஆறே பேர்தான். கப்டன் ஹின்ரிக்ஸ், அறுபது வயது, பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிற வடகடல்காரர். படகை ஒருநாள் வாடகைக்குப் பிடித்தவன் யூட், டோர்ட்மண்டில் பஸ் ஓட்டுகிறவன். அவனுடைய பந்தடிக் கூட்டாளி சேயோன், மின்சார வேலைக்காரன், வாய் கொஞ்சம் நீளம். வாசுதேவன் ஓர் உணவகத்தில் சமையல்காரன். மற்ற இருவரில் ஒருவர் சிற்றம்பலம். டோர்ட்மண்டில் பஸ்ஸிலும் டிராமிலும் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற பொருட்களைச் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுக்கிற அலுவலகத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவர். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த்திருவிழாவில் யாருடைய சங்கிலி தொலைந்தாலும் சனம் அம்மனிடம் முறையிட்டுவிட்டு அடுத்ததாக இவரிடம்தான் வரும்.

இன்னொருவர் அவருடைய கீழ்வீட்டுக்காரர் பிரதாப். கோயம்புத்தூர், கம்ப்யூட்டர் எஞ்சினியர், துப்பறியும் நாவல் பைத்தியம். சிற்றம்பலம் எங்கே போனாலும் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு பின்னாலேயே போவார். அன்றைக்குக் காலையிலிருந்து படகின் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த அவர், 'களவு' என்ற சொல் காதில் விழுந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கேஸா சார்?"

"கேஸ்தான் தம்பி. ஆனா விளையாட்டில்லை."

விளையாட்டில்லைதான். வாசுதேவனிடம் இருந்தது 'டுல்டுங்' என்ற ஒரு தாள். உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை, பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். பதினொரு வருடமாக அதையே புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் தள்ளுகிறான். அந்தத் தாளோடு டோர்ட்மண்ட் இருக்கிற நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது, இந்தக் கடலோ வேறு மாநிலத்தில். முன்பு ஒருமுறை ஒரு செத்தவீட்டுக்காக ஹம்பேர்க் போய்ப் பிடிபட்டுத் தண்டம் கட்டியவன். மறுபடி பிடிபட்டால் வழக்கு. வழக்கு விழுந்தால், புதிய சட்டத்தின்படி நிரந்தரமாக இருக்க அவன் போட்டிருக்கும் 'அன்ட்ராக்' என்ற விண்ணப்பம் அவ்வளவுதான். அந்த 2008ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவன் கடிதப்பெட்டியைத் திறந்து பார்க்காத நாளே இல்லை.

"அப்ப ஏன் காணும் வந்தனீர்?" என்று கேட்டார் சிற்றம்பலம்.

"யூட் அழாக்குறையாக் கேட்டவன் அண்ணை. மனுசி பிள்ளை பெத்துப் பதினொரு நாள். அவவுக்குப் பால் சுரக்கச் சுறா வேணும், அதுவும் பிடிச்ச கையோடை வெட்டினதா வேணுமெண்டான். சுறாவை உடன இரத்தம் வடிச்சுத் தோலுரிக்காட்டி மூத்திர நாத்தம் நாறும். உவங்களுக்கு அது தெரியாது. எனக்கும் ஆசைதான். மயிலிட்டிக் கடற்கரையிலை பிறந்தவன் பதினொரு வருசமாக் கடலைக் காணாமல் இருக்கிறதெண்டால் யோசிச்சுப் பாருங்கோ."

"உம்மை நான் குறை சொல்லேல்லை. காலமை நடந்ததை முதல்லையிருந்து சொல்லும். தம்பி, எழுதும்."

நடந்தது இதுதான். ஆறு மணிக்குப் படகு புறப்பட்டது. எட்டு மணிக்குப் பசித்தது. யூட்டின் மாமியார் தேவமலர் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலைத் திறந்தார்கள். சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல். கோழிக்கறிக்கு மேலே ஒரு கரித்துண்டு கிடந்தது. "ஐயய்ய, என்னங்க இது, சாப்பாட்டுல அடுப்புக்கரி!" என்று பிரதாப் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். யூட் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமியின்ர விசர் வேலை. எறியுங்கோ அதை!" என்றான். பிரதாப் கடலில் எறிந்தார். கறியின் வாசனையில் அவருக்கு மறுபடி வயிற்றைப் பிரட்டவே எல்லோரும் இரக்கப்பட்டுப் பார்சலை மூடிவைத்துவிட்டார்கள். வாசுதேவன் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

பத்து மணிக்குச் சுறா கொழுவியது. சேயோனின் தூண்டில் வில்லாக வளைந்தது. கப்டன் சுக்கானை ஒரே வெட்டாக வெட்டினார், படகு சரிந்தது, அவர் அறைத் தட்டில் இருந்த கோப்பிக் கோப்பை விழுந்து சிதறியது. அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மற்றக் கையால் எல்லாவற்றையும் விளக்குமாற்றால் கூட்டி ஒரு வாளியில் அள்ளினார். கால் வைக்கிற இடத்தில் கிடக்க வேண்டாமென்று வாளியை வெளியே மீன் வெட்டுகிற மேசைக்குக் கீழே வைத்தார். அரைமணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு சுறா மேலே வந்தது, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவு. வாசுதேவன் அதை வெட்டினான். கத்தியை வேறு யாரும் தொடவில்லை. நடுத்துண்டை மட்டும் யூட் தானே பையில் சுற்றி நீல ஐஸ் பெட்டியில் வைத்து, மூடியை ஒட்டுநாடாவால் ஒட்டி, 'கொறற்றி' என்று மனைவியின் பெயரை எழுதினான்.

பதினொன்றரைக்குப் பனி மூடியது. பன்னிரண்டுக்குக் கப்டன் அறையிலிருந்து ஒரு கத்தல். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோருடைய பைகளையும் கொட்டிப் பார்த்தார், சட்டைப்பைகளைத் தடவிப் பார்த்தார். மீன்பெட்டிகளைத் திறக்கவில்லை.

"கப்டன்ர அறைக்குள்ளை போனது ஆர் ஆர்?"

"சேயோன் போனவன், ரேடாரைப் பாக்க. நான் போனனான், கத்தி தீட்டுற கல் கேக்க. அதுதான் அவர் என்னையே முழுசி முழுசிப் பாக்கிறார்."

பிரதாப் பென்சிலால் புத்தகத்தைத் தட்டினார். "சிம்பிள் சார். சேயோன்தான். ரேடார் பக்கத்துல ஏதோ காஸ்ட்லி ஐட்டம். எலக்ட்ரீஷியன் வேற, பார்த்தா கை சும்மா இருக்குமா?"

"உம்மைப் பாத்தால் எனக்குச் சங்கிலி களவெடுக்கிற மூஞ்சி மாதிரித் தெரியுது" என்றான் உள்ளேயிருந்து வந்த சேயோன். "நாலு மணித்தியாலம் சத்தியெடுத்துப்போட்டு இப்ப ஆராய்ச்சியோ?"

"சண்டை பிடியாதையுங்கோ" என்று எழுந்தார் சிற்றம்பலம்.

கப்டனின் அறை இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். வெள்ளைப் பலகைச் சுவர், அந்த வசந்தத்தில் பூசிய புது வர்ணம். சுவரில் ஒரு பித்தளைக் கொளுக்கி. அதில் தோல் வாரின் ஒரு துண்டு மட்டும் தொங்கியது, முனை பிய்ந்து நார்நாராக இருந்தது. கொளுக்கிக்குக் கீழே வெள்ளைச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்மண் நிறத்தில் ஒரு கறை, மேலே தடித்துக் கீழே போகப்போக மெலிந்து, கரட் மாதிரி. சிற்றம்பலம் அதை மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தார்.

"களவுபோன பொருளைக் கொஞ்சம் விவரியுங்கள், ஐயா" என்று ஜெர்மனில் கேட்டார். "நான் தொலைந்த பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறவன். எங்கள் படிவத்தில் முதல் கேள்வியே அதுதான்."

"எடுத்தவனுக்குத் தெரியும்." கப்டன் பனியைப் பார்த்தபடியே சொன்னார். அவருடைய காது மட்டும் சிவந்தது.

சிற்றம்பலம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். யூட் தன் நீலப்பெட்டிமேல் உட்கார்ந்து கைத்தொலைபேசிக்கு அலைவரிசை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஆள்காட்டி விரலில் புதிதாக ஒரு பிளாஸ்டர்.

"விரலிலை என்ன?"

"சின்ன வெட்டு அண்ணை. ஒண்டுமில்லை."

அந்த நேரம் பார்த்துத்தான் வாசுதேவனுக்குப் பொறுமை போயிற்று. பனிக்குள் எங்கோ ஒரு மிதவை மணி அடித்தது. தூரத்து மணிதான், துறைமுக மிதவை இல்லை. அது அவனுக்கெங்கே தெரியும்? ஒரே பாய்ச்சலாகக் கப்டனின் அறை வாசலுக்குப் போனான்.

"நான்தான்!" என்றான் உடைந்த ஜெர்மனில். "நான்தான் எடுத்தேன். பயத்தில் கடலில் போட்டுவிட்டேன். எத்தனை மாதம் வேலை செய்தென்றாலும் கட்டிவிடுகிறேன். பொலிஸ் மட்டும் வேண்டாம், ஐயா. தயவுசெய்து."

யூட் "டேய், விசரா!" என்று கத்தினான். கப்டன் மெல்லத் திரும்பினார்.

"எதை எடுத்தாய்?"

வாசுதேவன் கொளுக்கியைப் பார்த்தான். "தங்கச் சங்கிலி... பதக்கத்தோடு..."

கப்டனின் முகத்தில் கோபம் வரவில்லை. என்ன பேசுகிறான் இவன் என்ற திகைப்புத்தான் வந்தது. சிற்றம்பலம் அதைப் பார்த்தார். தோடம்பழத் தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"தம்பி வாசு, நீர் போய் இரும். செய்யாததைச் செய்தனெண்டு சொல்லுறதுக்கும் ஒரு கெட்டித்தனம் வேணும், அது உமக்கு இல்லை. எல்லாரும் இதிலை வாங்கோ. கப்டன், உங்களுக்கு மிதவைக்கு எவ்வளவு நேரம்?"

"நாற்பது நிமிடம்."

"எனக்குப் பத்துப் போதும்."

ஐந்து பேரும் அந்த வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். சிற்றம்பலம் ஒரு வசனம் ஜெர்மனிலும் ஒரு வசனம் தமிழிலுமாகச் சொன்னார்.

"பதினேழு வருசமா நான் ஒண்டு கண்டிருக்கிறன். விலையான பொருளைத் துலைச்சவை வந்து நிண்டு அதின்ர நிறம், எடை, வாங்கின கடை எல்லாம் ஒப்பிப்பினம். ஒரு சதத்துக்கும் உதவாத, ஆனா உயிரான பொருளைத் துலைச்சவைதான் வாய் திறக்கமாட்டினம். கேட்டால் சிரிப்பாங்களோ எண்டு வெக்கம். கப்டன், உங்கள் பொருளுக்கு விலை இல்லை. அதனால்தான் நீங்கள் பெயர் சொல்லவில்லை. சரியா?"

கப்டனின் காது மறுபடி சிவந்தது.

"அப்ப அது என்ன?" என்றான் சேயோன்.

"சுவரே சொல்லுது. தங்கமோ வெள்ளியோ சுவரிலை கறை விடாது. துரு விட்டிருக்கு. ஒரு சாண் நீளம், மேலை தடிப்பு, கீழை கூர். பழைய மரக்கப்பல்களிலை அடிக்கிற இரும்பாணி. தோல் வார் வெட்டுப்படேல்லை, பிஞ்சிருக்கு. ஆக, ஒருத்தரும் கழட்டேல்லை. படகு சரிஞ்ச நேரம் அது தானா விழுந்தது."

"விழுந்தால் அறைக்குள்ளேயே கிடக்க வேண்டுமே!" என்றார் கப்டன். ஆணி என்பதை அவர் மறுக்கவில்லை.

"கிடந்தது. நீங்கள்தான் எடுத்தீர்கள்."

"நானா?"

"கோப்பை உடைந்ததும் ஒரு கண்ணைச் சுறாவில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கூட்டி வாளியில் அள்ளினீர்கள். பீங்கான் துண்டு, கோப்பித்தூள், கூடவே ஓர் ஆணி. வாளியை நீங்களே வெளியே வைத்தீர்கள்."

பிரதாப் இரண்டே எட்டில் மேசைக்கடியில் புகுந்து வாளியைக் கவிழ்த்தார். பீங்கான் துண்டுகள்தான் கொட்டின. "சார், ஆணி இல்லையே!" அவர் குரலில் அப்படியோர் ஏமாற்றம்.

"இராது. இனிக் கவனியுங்கோ. கத்தி பிடிச்சது வாசு ஒருத்தர்தான். அப்ப யூட்டுக்கு எப்பிடி விரல் வெட்டுப்பட்டது?"

யூட் கையைப் பின்னால் மறைத்தான்.

"உடைஞ்ச பீங்கானுக்குள்ளை கை விட்டால் வெட்டும்" என்றார் சிற்றம்பலம். "ஒரு பஸ் டிரைவர் குப்பை வாளிக்குள்ளை கை விட்டுத் துருப்பிடிச்ச ஆணியை ஏன் எடுக்கிறான்? தம்பி பிரதாப், காலமை நீர் கடலிலை எறிஞ்சது என்ன?"

"கரித்துண்டு... அடுப்புக்கரி..." பிரதாப்பின் பென்சில் நின்றது. "ஐயோ! எங்க அம்மாகூட வைப்பாங்க சார். கறி கொண்டுபோனா காத்துக்கருப்பு அண்டக்கூடாதுன்னு, கரியோ இரும்போ ஒரு துண்டு. நான் மறந்தே போயிட்டேன்!"

"ஓம். பச்சை மீன், அதுவும் பிள்ளை பெத்த வீட்டுக்கு. கரியை நீர் எறிஞ்சுபோட்டீர். நடுக்கடலிலை வேற கரிக்கு எங்கை போறது? யூட், பெட்டியைத் திறவும்."

யூட் ஒட்டுநாடாவைக் கிழித்தான். ஐஸுக்குக் கீழே, மீன் சுற்றிய பைக்குள் கை விட்டு எடுத்தான். கறுத்துத் துருவேறிய கப்பலாணி, தலையில் அறுந்த தோல் வாரின் மற்றப்பாதி.

"சத்தியமா இதுதானெண்டு எனக்குத் தெரியாது அண்ணை. குப்பைக்குள்ளை கிடந்த ஆணிதானே எண்டு எடுத்தனான். கரியை எறியச் சொல்லிச் சிரிச்சவனும் நான்தான். பேந்து தனியப் பெட்டியைக் கட்டேக்கை மூட மனம் வரேல்லை. போன வருசம் எங்களுக்கு ஒண்டு பிறந்து தங்கேல்லை. ஆறு நாள்தான். இந்த முறை மாமி ஒண்டு விடாமல் எல்லாம் செய்யிறா. நான் என்ர பகிடியாலை எதையும் கெடுத்துப்போடுவனோ எண்டு பயம். உங்களுக்குச் சொல்ல வெக்கம்."

வாசுதேவன்தான் முதலில் போய் அவன் தோளைப் பிடித்தான். சற்றுமுன் தன் வாழ்க்கையையே அநியாயமாகப் பறிகொடுக்கப் பார்த்தவன் அவன்தான்.

சிற்றம்பலம் யூட் சொன்னதைக் கப்டனுக்கு ஜெர்மனில் சொன்னார். பிறகு வாசுதேவனின் தாளைப் பற்றியும், அவன் ஏன் பொய் சொன்னான் என்பதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கப்டன் ஆணியை வாங்கி உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"என் அப்பாவின் படகு மணல்திட்டில் உடைந்தது" என்றார். "கரைக்குத் திரும்பி வந்தது ஒரு பலகையும் இதுவும்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இது இல்லாமல் நான் பனிக்குள் ஓட்டியதில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை." மூக்கை உறிஞ்சினார். "நான் பயந்துபோனேன். அதனால்தான் கத்தினேன்." அந்த மனுசன் காலையிலிருந்து பேசிய எல்லாவற்றையும் கூட்டினாலும் இவ்வளவு வராது.

"என்ன பிள்ளை?" என்று யூட்டைக் கேட்டார்.

"பெண்."

கப்டன் ஒரு கயிற்றுத் துண்டில் ஆணியை முடிந்து கொளுக்கியில் மாட்டினார். இழுப்பறையைத் துழாவி, பழைய பெரிய சுறாத் தூண்டில் முள் ஒன்றை எடுத்தார். அரத்தால் கூர்முனையைத் தேய்த்து மழுக்கி யூட்டிடம் நீட்டினார். "இரும்புதானே வேண்டும்? இதுவும் இரும்புதான்."

துறைமுகத்தில் பனி விலகியிருந்தது. யாரும் கூப்பிடாமலே படகுத்துறையில் ஒரு பொலிஸ் கார் நின்றது, இரண்டு பேர் சாய்ந்துகொண்டு கோப்பி குடித்தார்கள். வாசுதேவன் படகை விட்டு இறங்காமல் நின்றான். கப்டன் நீலப்பெட்டியின் ஒரு கைப்பிடியைத் தான் பிடித்து மற்றதை அவன் கையில் திணித்தார். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு அந்தக் காருக்கு முன்னாலேயே நடந்தார்கள்.

"என்ன ஹின்ரிக்ஸ், பிடிபட்டதா?" என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார்.

"ஒரு சுறா."

"இவர்கள்?"

"என் ஆட்கள்" என்றார் கப்டன், நடையை நிறுத்தாமல்.

அவர்கள் ஏறிய வான் வண்டி டோர்ட்மண்டை நோக்கி நாலு மணி நேரம் ஓடியது. ஹம்பேர்க், பிரேமன், ஒஸ்னாபுறுக். வாசுதேவன் பின் இருக்கையில் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். சேயோன் பகிடி விட்டும் சிரிக்கவில்லை. வெயில் சாய்கிற நேரம், வீதியோரத்தில் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் என்ற பெயர்ப்பலகை வந்து பின்னால் போனது. அவன் தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணை, சோறு மிச்சம் இருக்கோ?"

பிரதாப் பார்சலை எடுத்துப் பிரித்தார். அவன் கண்ணிலிருந்து நீர் வடிய வடிய, அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். பிரதாப் மட்டும் சங்கடத்தோடு சிற்றம்பலத்தின் காதில் கிசுகிசுத்தார்.

"சார், கோழிக்கறி... பொழுது சாயுது... அதுல கரி இல்லையே. பரவாயில்லையா?"

"மாநிலத்துக்குள்ளை வந்திட்டம் தம்பி" என்றார் சிற்றம்பலம். "இனி அவரைப் பேய் பிடிக்காது."